பொய் விமானத்துக்கு ஒரு பரீட்சை

தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்றுக் கொண்டவன் உண்டா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஆகாயத்தில் ஏறாமலே ஒரு விமானத்தை ஓட்டக் கற்றுக் கொள்ள இன்று வழி இருக்கிறது. அனுபவமுள்ள விமானி ஒருவர் புது ரக ஜெட் விமானத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ரகத்தில் அவர் ஒரு தடவைகூடப் பறந்திராமல் இருக்கலாம். பூமியில் ஆறு கால்களின் மேல் ஆடிக் கொண்டு நிற்கும் ஒரு பெட்டிக்குள் பல நாள் பழகுகிறார், பரீட்சை கொடுக்கிறார், பிறகு மூத்த விமானி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரயாணிகள் நிறைந்த விமானத்தை நேரே கிளப்பிக் கொண்டு போகிறார். பின்னால் ஜன்னலோரம் அமர்ந்து காப்பி குடிக்கும் நமக்கு இது தெரியாது. தெரிந்தால் காப்பி கொஞ்சம் சிந்தும்.

அந்தப் பெட்டிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். பாவனை விமானம் என்று நாம் சொல்லலாம். நான் கதை எழுதுகிறவன். இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதுதான் என் பிழைப்பு. என் கதையில் மதுரை ரயில் ஒரு மணி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பாவனை விமானம் அரை விநாடி பிசகினால், அதில் பழகியவர் பிற்பாடு ஒருநாள் உயிர்களைப் பறிகொடுக்க நேரும். ஆகவே அது சொல்லும் பொய் எவ்வளவு தூரம் மெய்யானது என்று பார்த்துச் சான்று கொடுக்க ஓர் அதிகாரி வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரி எப்படி வந்தார் என்பது சுவையான சரித்திரம், துக்கமான சரித்திரமும்கூட.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த பிங்காம்டன் என்ற ஊரில், லிங்க் குடும்பத்தாருக்கு ஆர்கன், பியானோ வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை எட்வின் லிங்குக்கு வாத்தியத்தைவிட விமானத்தின் மேல்தான் மோகம். பறக்கக் கற்பதற்கோ ஏராளமான பணம் வேண்டும். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையே எடுத்து, அவற்றின் மேல் குட்டி விமானம் போன்ற ஒரு பெட்டியை அவர் உட்கார வைத்தார். பிடியை அசைத்தால் துருத்திகள் விரிந்து சுருங்கும். பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். 1929-ல் அது தயாராயிற்று. விமான உலகம் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தான் விரும்பி வாங்கின.

1934-ல் நிலைமை மாறியது. விமானத் தபால் வேலையைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து எடுத்து ராணுவத்திடம் ஒப்படைத்தார் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். பிப்ரவரி மாதத்துப் பனியும் புயலும். கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் ராணுவ விமானிகளில் பலருக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போதுதான் பூங்காப் பொம்மையின் ஞாபகம் வந்தது. ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு பெட்டிகளை ராணுவம் வாங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் லிங்கின் பெட்டியில் பழகியிருந்தார்கள்.

அந்தப் பெட்டி அசல் விமானம் மாதிரி இருக்கிறதா என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை. அது எந்த விமானத்தின் வேஷத்தையும் போடவில்லை. கருவிகளை நம்பு என்ற ஒரே பாடத்தைத்தான் அது சொல்லிக் கொடுத்தது. பொய்க்கால் குதிரையைப் பார்த்து யாராவது நிஜக் குதிரை என்று ஏமாறுவார்களா?

1948-ல் பான் அமெரிக்கன் கம்பெனி, ஸ்ட்ராட்டோகுரூசர் என்ற குறிப்பிட்ட ரக விமானத்தின் ஓட்டுநர் அறையை அப்படியே நகலெடுத்த ஒரு பாவனை விமானத்தை வாங்கியது. பொம்மை, நகலாயிற்று. நகல் என்று வந்துவிட்டால், அசலோடு ஒத்திருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது அல்லவா? அதற்குத் திருப்தியான விடை கிடைக்கும் வரையில், ஆபத்தான பாடங்களை அசல் விமானத்தில்தான் நடத்த வேண்டியிருந்தது.

அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1967 மார்ச் 30-ந் தேதி நள்ளிரவு கழிந்த நேரம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் டி.சி.-8 ஜெட் ஒன்று பயிற்சிக்காகக் கிளம்பிற்று. இரண்டு எஞ்சின்கள் கெட்டுப் போனால் எப்படி இறக்குவது என்பது பாடம். வேண்டுமென்றே இரண்டு எஞ்சின்களின் சக்தியைக் குறைத்துவிட்டு இறங்க முயன்றபோது, விமானம் வீடுகளின் மேலும் ஒரு விடுதியின் மேலும் விழுந்தது. விமானத்திலிருந்த 6 பேரும், தரையிலிருந்த 13 பேரும் மடிந்தார்கள். உல்லாசப் பிரயாணம் வந்து அந்த விடுதியில் தங்கியிருந்த பள்ளி மாணவிகளும் அவர்களில் உண்டு. நம் நாடும் தப்பவில்லை. 1994 மார்ச் 8-ந் தேதி, டில்லியில் இதே போன்ற எஞ்சின் பாடம் நடந்தபோது பயிற்சி விமானம் ஒன்று விழுந்து, நின்றிருந்த ரஷ்ய விமானத்தில் மோதி, 9 பேர் இறந்தார்கள்.

இத்தகைய பாடங்களைப் பூமிக்கு இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1980-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதற்குப் படிப்படியாக வழி வகுத்தது. பின்னால் அந்தப் படிகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வந்தது. டி தான் உச்சி.

பரீட்சை எப்படி நடக்கிறது? அசல் விமானத்தில் அளவுக் கருவிகளைப் பொருத்திப் பறக்க விடுவார்கள். ஓர் எஞ்சின் நின்றால் மூக்கு எவ்வளவு திரும்புகிறது, பிடியை இழுத்தால் எவ்வளவு விரைவாக மேலேறுகிறது என்பதெல்லாம் கோடுகளாகப் பதிவாகும். பாவனை விமானத்திலும் அதையே செய்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிடுவார்கள். குறித்த அளவுக்கு மேல் விலகினால் தேறாது. விமானி பிடியை அசைத்ததற்குப் பெட்டி பதில் சொல்வதில், விமானம் எடுத்துக் கொள்வதற்கு மேல் 150 மில்லி விநாடிதான் தாமதிக்கலாம் என்பது 2008-ல் சி, டி படிகளுக்கு அமெரிக்க விதியாக இருந்தது. ஒரு விநாடியில் சுமார் ஏழில் ஒரு பங்கு! கோடுகள் ஒத்தாலும் போதாது. அனுபவஸ்தரான விமானி உள்ளே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். ஒருமுறை தேறிவிட்டால் ஆயுளுக்கும் தேறியதாகாது. திரும்பத் திரும்பச் சோதனை உண்டு. 1995-ல் சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனம் இதற்குப் பொது அளவுகோல் வெளியிட்டது. அமெரிக்காவில் வெகு காலம் ஆலோசனைச் சுற்றறிக்கையாக இருந்தவை 2008-ல் சட்ட விதிகளாயின. இந்தியாவில் இந்தப் பொறுப்பு விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகத்தைச் சேர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு ஓர் அபாயம் மிச்சமிருந்தது. நகல் நம்பத் தகுந்ததாக ஆக ஆக, அது தவறாகச் சொன்னதையும் மாணவன் நம்புகிறான். 2001 நவம்பர் 12-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் விமானம், முன்னே சென்ற விமானத்தின் காற்றுச் சுழலில் அகப்பட்டது. துணை விமானி சுக்கானை மாறி மாறி மிதித்த வேகத்தில் வால் துடுப்பு ஒடிந்தது. 265 பேர் இறந்தார்கள். கம்பெனியின் சிமுலேட்டர் பாடத்தில், விமானம் சாயும்போது சிறிது நேரம் கட்டுப்பாடுகள் வேலை செய்யாதபடி செயற்கையாகத் தடுத்து வைத்திருந்தார்கள். காற்றுச் சுழலை மிகைப்படுத்திக் காட்டிய அந்தப் பாடம், அவரைத் தவறான பழக்கத்துக்குத் தூண்டியிருக்கக் கூடும் என்று விசாரணைக் குழு கருதியது.

2009 பிப்ரவரி 12-ந் தேதி, பஃபலோ நகருக்கு அருகில் இன்னொரு விமானம் வேகம் குறைந்து, மிதக்கும் சக்தியை இழந்து வீழ்ந்தது. 50 பேர் மாண்டார்கள். தலையைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் காப்டன் பிடியை இழுத்திருந்தார். அந்நாளில் பாடம், வீழ்ச்சியின் வாசல் வரைக்கும்தான். எச்சரிக்கை வந்ததும் மீண்டுவிட வேண்டும். வாசலுக்கு அப்பால் விமானம் எப்படி நடந்து கொள்ளும் என்பதைச் சிமுலேட்டர்கள் சரியாகக் காட்ட வேண்டும் என்ற விதியே இல்லை. பாடத்திலும் இல்லை, பரீட்சையிலும் இல்லை. ஆகாயத்தில் மட்டும் இருந்தது.

2016-ல் அமெரிக்க விதி திருத்தப்பட்டது. அந்தப் பாடத்தைச் சொல்லித் தர விரும்பும் சிமுலேட்டர், முழு வீழ்ச்சியையும் காட்டிப் பரீட்சையில் தேற வேண்டும். அத்துடன் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. உண்மை என்று சோதித்து அறிந்த எல்லையைத் தாண்டிப் பெட்டி பறக்க ஆரம்பித்தால், ஆசிரியருக்கு எதிரேயுள்ள திரையில் அது தெரிய வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது. இதுவரை நான் காட்டியது மெய். இதற்கு மேல் காட்டுவது என் ஊகம் என்று ஒரு யந்திரம் தானே ஒப்புக் கொள்கிறது. அந்த ஒரு வரியைத் திரையில் எழுத வைப்பதற்கு, அறுபது எழுபது வருஷ காலமும் எத்தனையோ உயிர்களும் தேவைப்பட்டன.