கொள்ளேகால் மலைகளும் மாறிய எல்லைகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடத்தில் பிலிகிரிரங்கன் மலை, மாதேஸ்வரன் மலை, தாளவாடி, கடம்பூர், பர்கூர் ஆகியவை ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கின்றன. இன்று இவற்றில் முதல் இரண்டும் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், மற்றவை தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில். இந்த எல்லைக்குச் சுமார் எழுபது வயதுதான்.

இம்மலைகளுக்கு அருகே, காவிரிக் கரையின் தலக்காட்டைச் சோழர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கரிடமிருந்து பிடித்தனர். நூறாண்டு கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டான். பின்னர் இப்பகுதி மைசூர் உடையார்களிடமும் ஹைதர் அலி, திப்புவிடமும் இருந்தது. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அவன் நாட்டைப் பங்கிட்டது. மைசூர் உடையார் குடும்பத்துக்கு; கோயம்புத்தூர்ச் சீமையும் அதனுடன் கொள்ளேகாலும் கம்பெனிக்கு. மலைத்தொடருக்கு மேலே, மைசூர்ப் பீடபூமியை ஒட்டிய கொள்ளேகால், கீழே சமவெளியிலிருந்த கோயம்புத்தூரின் தாலுகாவாக ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. பக்கத்து யளந்தூர் மைசூரில் இருந்ததால் பிலிகிரிரங்கன் மலையின் நடுவிலும் ராஜ்ஜிய எல்லை ஓடியது.

1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. சென்னை மாநிலத்தின் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பேர்போன பகுதியும் அதனுடன் கைமாறியது. கன்னடம் பெரும்பான்மையாக வழங்கும் தாலுகா கன்னட மாநிலத்துக்கு என்பது அன்றைய நியாயம். ஆனால் மலையில் மொழி தாலுகா வாரியாகப் பிரிந்து கிடக்கவில்லை. மார்ட்டள்ளி, கோபிநத்தம் போன்ற தமிழ் ஊர்கள் மைசூருக்குள் விழுந்தன. கன்னடம் பேசும் தாளவாடி தமிழகத்திலேயே தங்கியது. அங்கே கன்னடவழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

இந்தக் குறுக்குவெட்டை இரண்டு பெயர்களில் காணலாம். சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் 1952இல் கோபிநத்தத்தில் பிறந்தபோது அவ்வூர் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நான்கே ஆண்டில் அது மைசூர் ஊராகிவிட்டது. கன்னடத் திரையுலகின் தலைமகன் ராஜ்குமாரின் பூர்விக ஊரான தொட்டகாஜனூரோ தாளவாடியை ஒட்டித் தமிழகத்தில் இருக்கிறது. 2000 ஜூலை 30 அன்று அங்கிருந்துதான் அவர் வீரப்பனால் கடத்தப்பட்டார். இரு மாநிலத் தலைநகரங்களும் மொழிப் பகையின் கண்கொண்டு பார்த்த அந்த நிகழ்வில், தமிழர் பிறந்த ஊர் கர்நாடகத்திலும் கன்னடர் ஊர் தமிழகத்திலும் இருந்தன.

கர்நாடகத் தமிழர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பெங்களூரில் கன்டோன்மென்ட்டைச் சுற்றி வளர்ந்த லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளின் தமிழர் வரலாறு பெரும்பாலும் குடிபெயர்ந்து வந்தவர்களின் வரலாறு. ராணுவத்தோடும் வேலை தேடியும் வந்தவர்கள் அவர்கள். கோபிநத்தத்தாரின் நிலை வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

எல்லை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இம்மலைகளில் வாழ்பவர்கள் சோளகர்கள். அவர்கள் பேச்சு கன்னடத்தோடு நெருங்கியது, தமிழும் கலந்தது. பிலிகிரி ரங்கநாதர் தங்கள் பெண்ணை மணந்தவர் என்பதால் அவரை மைத்துனர் முறை வைத்து அழைப்பவர்கள். மாதேஸ்வரன் கோயிலுக்குச் சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்துத் தமிழர்களும் மைசூர்ப் பக்கத்துக் கன்னடர்களும் காலங்காலமாகப் போகிறார்கள். அங்கே பூசை செய்பவர்கள் பேடகம்பண லிங்காயத்துகள். சாமிக்கும் உறவுக்கும் மாநிலம் குறுக்கே வரவில்லை.

சட்டமும் காவலும் குறுக்கே வந்தன. வீரப்பன் தேடுதலின்போது இரு மாநில அதிரடிப்படைகளிடமும் சிக்கிச் சோளகர்கள் பட்ட கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் அந்த வலியைப் பேசுகிறது. வன உரிமையிலும் பேதம் நேர்ந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011இல் சமூக வன உரிமைப் பட்டயங்கள் கிடைத்தன. அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தமிழகத்திலோ 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் அனுமதியின்றிப் பட்டா வழங்கக்கூடாது என்று இட்ட உத்தரவு 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீங்கியது.

ஒரே மக்களைப் பிரிக்கும் இதே வேலையை மாவட்ட எல்லைகளும் செய்தன. தமிழகப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற மலைவாழ் இனம் தருமபுரி, வடாற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் எழுதப்பட்டபோது பர்கூரும் கடம்பூரும் கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்து, பின்னர் ஈரோடு என்று பெயர் மாறியும் அங்குள்ள மலையாளிகள் பட்டியலுக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். சேலம் மலையில் இருப்பவருக்குப் பழங்குடிச் சான்றிதழ். பெண் கொடுத்து எடுக்கும் பர்கூர் உறவினருக்கு இல்லை.

கர்நாடகப் பட்டியலிலும் பழைய எல்லை உறைந்து கிடக்கிறது. அதில் கணியான் இனம் ‘மைசூர் மாவட்டக் கொள்ளேகால் தாலுகா’வுக்கு மட்டும் உரியது. கொள்ளேகால் 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதிலிருந்து அனூர் தனித் தாலுகாவாகவும் பிரிந்துவிட்டது. ஈரோட்டு மலையாளிகளைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. மலை ஒன்று, மக்களும் ஒன்று என்பதை ஏற்று அந்தத் திருத்தத்தைச் செய்வதே நீதி.