பத்தாயிரம் ஆண்டு, ஏழு வாரம்

1869-ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய தெற்கு சூடானில் போங்கோ மக்கள் வாழும் பகுதியில் தங்கியிருந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் கியோர்க் ஷ்வைன்ஃபூர்த்துக்குப் பெரிய தலைவலி எலிகள்தாம். பகலெல்லாம் அலைந்து பறித்து, காயவைத்து, கட்டுக்கட்டாக அடுக்கிய செடிகளை இரவில் அவை குதறின. ஊர்க்காரர்களுக்கு இதற்கு வழி தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் காட்டுப்பூனைகள் ஏராளம். அவற்றைக் குட்டியிலேயே பிடித்து வந்து குடிசைக்குள்ளும் வேலிக்குள்ளும் வளர்ப்பார்கள். வளர்ந்ததும் எலிகளை அவை பார்த்துக்கொள்ளும். ஷ்வைன்ஃபூர்த்தும் சில பூனைகளைப் பிடித்துத் தரச் சொன்னார். சில நாட்கள் கட்டிப்போட்டு வைத்ததில் அவற்றின் மூர்க்கம் ஓரளவு தணிந்தது. இரவில் தம் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவற்றைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். (1870 டிசம்பரில் முகாமே தீப்பிடித்து, அவர் சேர்த்துவைத்ததில் பெரும்பகுதி சாம்பலானது. அந்த இழப்பை எந்தப் பூனையாலும் தடுத்திருக்க முடியாது.)

அவர் கட்டிவைத்தது சாதாரணப் பூனை அல்ல. 2007-இல் கார்லோஸ் டிரிஸ்கோல் என்பவரும் அவருடைய குழுவினரும் உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் வீட்டுப் பூனைகள் அனைத்துக்கும் மூதாதை, மேற்காசியாவில் திரிந்த அதே காட்டுப்பூனை வகைதான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு சைப்ரஸ் தீவின் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழமையான ஒரு மனிதப் புதைகுழியிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, முழுதாகப் புதைக்கப்பட்ட பூனை ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி வெளியானது. அதற்கு வயது எட்டு மாதம் இருக்கலாம். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். சீறிக் கடிக்கும் பெரிய காட்டுப்பூனையைப் படகில் ஏற்றிக் கடல் கடப்பது எளிதல்ல. கையில் பழகிய குட்டிகளாகவோ, அவற்றின் வழிவந்தவையாகவோ இருந்திருக்கும் என்று எண்ணுவதே பொருத்தம்.

ஐரோப்பியக் காட்டுப்பூனையிடம் இந்த முயற்சி பலிக்கவில்லை. பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஃபிரான்சிஸ் பிட், ஸ்காட்லாந்துக் காட்டுப்பூனைக் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தார். பீல்ஸெபினா என்று பேர் வைத்தார். பேயரசன் பேரைப் பெண்பாலாக்கி வைத்த பேர் அது. அந்தக் குட்டி கடைசிவரை அவரோடு ஒட்டவே இல்லை. நெருங்கிய உறவுள்ள இரு வகைப் பூனைகளில் ஒன்றின் குட்டி குடிசையில் தங்கியது; மற்றதன் குட்டி தங்கவில்லை.

இதை வைத்து, வீட்டுப் பூனை பிறக்கும்போதே பழகிய பிராணி என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மனிதக் கை படாமல் பத்து வாரம் வளர்ந்த வீட்டுப் பூனைக் குட்டி, மனிதரைக் கண்டால் காட்டுப்பூனைக் குட்டியைப் போலவேதான் ஒடுங்கும், சீறும், துப்பும், பிறாண்டும். பத்தாயிரம் ஆண்டு உறவு அதற்குக் கொடுத்திருப்பது பழகக்கூடிய தன்மையை மட்டுமே. பழக்கம் என்பது ஒவ்வொரு குட்டிக்கும் ஒருவர் உட்கார்ந்து, புதிதாக உண்டாக்க வேண்டிய ஒன்று. இதை மனிதர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதன் வரலாறு, பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் வரலாறு.

அதற்கு முன் பூனையை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. 1868-இல் லண்டன் அஞ்சலகத்தின் மணியார்டர் அலுவலகம் எலிக்காக மூன்று பூனைகளை வேலைக்கு எடுத்தது. மூன்றுக்கும் சேர்த்து வாரம் ஒரு ஷில்லிங். ஆலை, துறைமுகம், மருத்துவமனை, கிடங்கு என்று எங்கும் இதே ஏற்பாடு. எலி பிடித்தால் போதும். மடியில் வந்து உட்கார வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் காலத்துப் பூனைகளில் பேர்பெற்றது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மைக். 1908-ஆம் ஆண்டில் அங்கே திரிந்த பிளாக் ஜாக் என்ற பூனை, ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்து, எகிப்தியத் தொல்பொருட்களின் காப்பாளர் வாலிஸ் பட்ஜின் காலடியில் போட்டது. அந்தக் குட்டிதான் மைக். 1909 முதல் 1929 ஜனவரி வரை பிரதான வாயிலைக் காவல்காரர்களோடு சேர்ந்து காத்தது. அது இறந்தபின் பட்ஜ் அதன் வாழ்க்கையைச் சிறு நூலாகவே எழுதினார். மம்மிகளுக்கும் பாப்பிரஸ் சுருள்களுக்கும் இடையில் வாழ்ந்த அறிஞர் அவ்வளவு அக்கறையோடு எழுதியது மனத்தைத் தொடுகிறது. ஆனால் மைக்கிடம் எல்லோரும் நெருங்கிவிட முடியாது. தன்னை வளர்த்த காவல்காரரையும் பட்ஜையும் போல ஓரிருவரைத்தான் அது சேர்த்துக்கொண்டது. அன்போடு தடவ வந்த அந்நியர்களை அது ஏற்கவில்லை. அது ஏன் என்பதற்கு, மைக் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது.

அதற்கிடையில் 1930-இல் சீன உளவியலாளர் குவோ ஜிங்-யாங் ஓர் ஆய்வை வெளியிட்டார். எலியைக் கொல்வது பூனையின் பிறவிக்குணம் என்ற நம்பிக்கையைச் சோதிப்பதே அவர் நோக்கம். தாய் எலி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனிமையில் வளர்ந்த 20-இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-இல் கொன்றவை வெறும் 3. அவையும் தம்மோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. பூனையின் பகைவர் யார், உறவினர் யார் என்பது பிறந்த சில வாரங்களில் அது யாரோடு இருந்தது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது! எலிக்கே இப்படியென்றால் மனிதருக்கு? அந்தக் கேள்வியை முறையாகக் கேட்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1967-இல் காலார்ட் என்ற ஆய்வாளர், சில குட்டிகளை ஒரே ஆள் தினமும் எடுத்துக் கொஞ்சும்படியும், வேறு சிலவற்றை ஐந்து பேர் மாறிமாறி எடுக்கும்படியும் ஏற்பாடு செய்து பார்த்தார். ஐவர் கையில் வளர்ந்த குட்டிகள் புதியவரைக் கண்டு அஞ்சவில்லை. ஒருவர் கையில் வளர்ந்தவை அந்த ஒருவரிடம் உயிராக இருந்தன, மற்றவரிடம் ஒதுங்கின. மைக்கின் இளமை எப்படிக் கழிந்திருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்த ஆய்வுகளின் உச்சம் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஐலீன் கார்ஷ், 1980களில் குட்டிகளைப் பிரித்துச் சோதித்தார். ஒரு பிரிவை மூன்றாம் வாரத்திலிருந்து தினம் 15 நிமிடம் கையிலெடுத்தார்கள். இன்னொன்றை ஏழாம் வாரத்திலிருந்து. மூன்றாவதை எடுக்கவே இல்லை. பிறகு ஒவ்வொரு குட்டியும் மனிதரை நோக்கி எவ்வளவு விரைவில் வருகிறது, மடியில் வைத்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கணக்கெடுத்தார்கள். மூன்றாம் வாரத்தில் தொடங்கியவை முன்னின்றன. ஏழாம் வாரத்தில் தொடங்கியவை, கை படாதவற்றிலிருந்து அவ்வளவாக வேறுபடவில்லை. தொடங்கும் வாரத்தை முன்பின்னாக மாற்றி மாற்றிப் பார்த்ததில், இரண்டாம் வாரம் தொடங்கி ஏழாம் வாரம் முடிய உள்ள காலமே குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம் என்று தெரிந்தது. நேரமும் முக்கியம்: தினம் 40 நிமிடம் கையில் இருந்த குட்டிகள், 15 நிமிடக் குட்டிகளைவிட நெருக்கமாயின.

ஆனால் எத்தனை கொஞ்சினாலும் பயம் விடாத குட்டிகளும் இருந்தன. 1995-இல் சாண்ட்ரா மெக்கூன் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. இரண்டாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரை வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கையில் வளர்ந்த குட்டிகளையும், அப்படி வளராதவற்றையும் ஒரு வயதில் சோதித்தார். கையில் வளர்ந்ததோடு தகப்பனும் சாதுவாக இருந்தால், அந்தப் பூனைகள் மனிதரிடம் வெகு விரைவில் நெருங்கின. குட்டிகள் தகப்பனின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் இது கற்றுக்கொண்டதாக இருக்க முடியாது, இரத்தத்தில் வந்தது. சாதுவான தகப்பனின் குட்டிகள் அறிமுகமில்லாத பெட்டியைக்கூடத் துணிந்து நெருங்கின. ஆகவே அவை தகப்பனிடமிருந்து பெற்றது மனிதர்மேல் பிரியத்தை அல்ல, பொதுவான துணிச்சலை.

ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே இன்னொரு கூட்டம், பெரும்பாலும் பெண்கள், இதையே தெருவில் கற்றுக்கொண்டிருந்தது. 1970களின் பிரிட்டனில் மருத்துவமனை வளாகங்கள், கப்பல் துறைகள், ஆலை முற்றங்கள் எங்கும் மனிதருக்குப் பழகாத பூனைக் கூட்டங்கள். மைக் காத்த அருங்காட்சியகத்தின் பின்கட்டுகளிலும் ஒரு கூட்டம் பெருகியது. பிடித்துக் கொன்றுவிடுவதே நிர்வாகங்களின் வழக்கமான தீர்வு. அதற்கு மாற்றாக ரூத் பிளாண்ட், 1977-இல் கேட் ஆக்ஷன் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1960களில் புகழ்பெற்ற மாடலாக இருந்த சீலியா ஹாமண்ட், அந்தத் தொழிலை விட்டுவிட்டு இரவுகளில் கூண்டுப்பொறியோடு அலைந்து பூனைகளைப் பிடித்து, கருத்தடை அறுவை சிகிச்சை செய்வித்து, அதே இடத்தில் விடத் தொடங்கினார். 1986-இல் தம் பேரிலேயே அறக்கட்டளை நிறுவினார். சிகிச்சை முடிந்த பூனையின் காது நுனியை மயக்கத்திலேயே சிறிது வெட்டிவிடுவார்கள். தொலைவிலிருந்தே பார்த்து, இதை மறுபடி பிடிக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்ளத்தான். 1980-இல் விலங்கு நலனுக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடத்தியது. பூனைப் பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவர்களின் அனுபவம் விலங்கியலாளர்கள் முன் வைக்கப்பட்டது அப்போதுதான்.

தாயை அறுவை செய்து திருப்பி விடலாம். கூடவே அகப்படும் குட்டிகளை என்ன செய்வது? திருப்பி விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னாளில் ஒரு கணக்கு காட்டியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருவில் பிறந்த 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் வெளியானது. அவற்றில் 127 ஆறு மாதத்துக்குள் இறந்தன அல்லது காணாமல்போயின. நான்கில் மூன்று. ஆகவே குட்டியைப் பழக்கி ஒரு வீட்டில் சேர்ப்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலான குட்டிகளுக்கு உயிர் பிழைக்க அதுதான் வழி.

அந்த வேலை நடப்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் குளியலறையில். ஓடி ஒளிய இடமில்லாத சிறு அறை, ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டி, மேலே பாதி மூடிய துண்டு. முதல் நாள் குட்டி பெட்டியின் மூலையில் காதுகளை மடித்துப் படுத்திருக்கும். கை நீண்டால் வாயைத் திறந்து காற்றைத் துப்பும். அதன் உடம்பு நடுங்குவதைப் பார்த்தாலே அது கோபமில்லை, உயிர்ப்பயம் என்று தெரியும். பழக்குபவர் தரையில் உட்கார்ந்து, முறைத்துப் பார்க்காமல், மெல்லப் பேசிக்கொண்டிருப்பார். உணவு எப்போதும் அவர் கையிலிருந்துதான். நீளமான கரண்டியின் நுனியில் கூழாக அரைத்த இறைச்சி. குழந்தைகளுக்கு விற்கும் கோழிக்கூழ் என்றால் எந்தக் குட்டியும் நெடுநேரம் அடம்பிடிக்காது. நாளாக ஆகக் கரண்டி குட்டையாகும், கடைசியில் விரல் மட்டும். நக்கும்போதே மற்றக் கை பின்னாலிருந்து வந்து பிடரியையும் கன்னத்தையும் தொடும். முகத்துக்கு நேரே கை போகக்கூடாது. பிறகு துண்டில் சுற்றி மடியில் சில நிமிடம். தொண்டைக்குள் அந்தக் குறுகுறு ஓசை முதன்முதலாகக் கேட்கும்போது பழக்குபவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார், கால் மரத்துப்போனாலும். வானொலியை ஓடவிடுவதும், அக்கம்பக்கத்தாரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வதும் அடுத்த கட்டம். காலார்டின் ஐந்து பேரை அறியாதவர்கள்கூட அனுபவத்தால் அதே வழிக்கு வந்திருந்தார்கள்.

ஒரே ஈற்றுக் குட்டிகள் நாலைந்து ஒன்றாக இருந்தால் துணிச்சலுள்ளதைப் பார்த்து மற்றவை வரும். ஆனால் மிகவும் அஞ்சும் குட்டி, உடன்பிறப்புகளின் பின்னால் ஒளிந்துகொண்டே நாளைக் கடத்திவிடும். அதைத் தனியே எடுத்துத்தான் பழக்க வேண்டும். கேட்கக் கொடுமையாகத் தோன்றினாலும் பல குட்டிகளுக்கு வீடு கிடைத்தது அந்தப் பிரிவால்தான்.

1990-இல் வாஷிங்டனின் ஆடம்ஸ் மார்கன் பகுதிச் சந்து ஒன்றில் ஐம்பதுக்கு மேற்பட்ட பூனைகளைக் கண்ட பெக்கி ராபின்சன், லூயிஸ் ஹோல்டன் இருவரும் ஆலி கேட் அலைஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் முறை அமெரிக்காவில் பரவ அது பெரிய காரணம். ஆனால் மருத்துவத்தில் ஒரு தடை இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை கூடாது என்பது அன்றைய வழக்கம். எட்டு வாரத்தில் பழகிவிட்ட குட்டியை அறுவை செய்யாமலே கொடுக்க வேண்டியிருந்தது, அடுத்த ஆண்டு அதன் குட்டிகள் தெருவில் நின்றன. 1993-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் எட்டு முதல் பதினாறு வார வயதிலேயே அறுவை செய்யலாம் என்ற கருத்தை ஆதரித்தது. பழக்கும் காலமும் சிகிச்சைக்கு உகந்த காலமும் ஒருவழியாக அடுத்தடுத்து வந்து நின்றன.

ஏழு வாரம் தாண்டிய குட்டியைப் பழக்கவே முடியாது என்பதில்லை. மூன்று, நான்கு மாதக் குட்டிகளையும் பொறுமையாகப் பழக்கியவர்கள் உண்டு. ஆனால் அதற்கு வாரங்கள் மாதங்களாகும், பலன் குட்டிக்குக் குட்டி மாறும். பழக்கியவரிடம் மட்டும் ஒட்டும் பூனையாகவே பல நின்றுவிடும். ஒரு தொண்டரின் குளியலறையில் ஒரு நேரத்தில் ஓர் ஈற்றுக்குத்தான் இடம். நான்கு மாதக் குட்டி ஒன்றுக்காக அந்த இடம் மூன்று மாதம் அடைபட்டால், ஐந்து வாரக் குட்டிகள் நான்கு வெளியே காத்திருந்து காலத்தைக் கடந்துவிடும். யாரை உள்ளே எடுப்பது என்ற இந்தக் கணக்கை, குட்டி பிறக்கும் பருவம் வரும்போதெல்லாம் அவர்கள் போட வேண்டியிருக்கிறது. வயது கடந்தவற்றைக் காது நுனி வெட்டித் திரும்ப விடுவார்கள். விட இடமில்லாதபோது பண்ணைகளிலும் குதிரை லாயங்களிலும் சேர்ப்பார்கள். 1927-இல் தொடங்கிய பிரிட்டனின் கேட்ஸ் புரொடெக்ஷன் அமைப்பு இன்றும் அப்படிப்பட்ட பூனைகளுக்கு லாயமும் கொட்டகையும் தேடித் தருகிறது. எடுப்பவரிடம் கேட்பது தினசரி உணவும், தண்ணீரும், ஒதுங்க ஓர் இடமும், நோய் வந்தால் மருத்துவமும்தான்.