தீப்பெட்டி அளவில் ஒரு கேசட்



பரணை ஒழிக்கும்போது தீப்பெட்டி அளவில் கேசட் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். 1963-ல் பிலிப்ஸ் பெர்லினில் அறிமுகப்படுத்திய சாதாரண கேசட்டைவிடச் சிறியது இது. ஜப்பானின் ஒலிம்பஸ் 1969-ல் கொண்டுவந்த மைக்ரோ கேசட். இது ஓடும் டேப் ரெக்கார்டர் சட்டைப் பைக்குள் போகும்.

நொடிக்கு 2.4 செ.மீ. வேகத்தில் 60 நிமிடம் ஓடும் டேப், 1.2-ல் இரண்டு மணி நேரம் ஓடும். தெளிவு குறையும், ஆனாலும் என்னைப் போன்ற சிக்கனக்காரர்கள் 1.2-ஐத்தான் வைப்போம். அதை 2.4-ல் போட்டால் தாத்தா குரல் கீச்சுக்குரலாகிவிடும்.

போடுமுன் கேசட்டின் ஓரத்திலுள்ள சின்னத் துண்டை உடைத்துவிடுங்கள்; பிறகு அதில் பதிவாகாது. நான் உடைக்கவில்லை. சிவப்புப் பட்டனில் கைபட்டு, அம்மா பேசியதில் பாதி போய்விட்டது. மீதியை மகன் கைப்பேசியில் ஏற்றித் தந்தான். கும்மிடிப்பூண்டி மழைக்காலத்தில் டேப் பூஞ்சை பிடிக்கும், அதற்குள் பாருங்கள்.