மைனாவின் கடற்பயணம்: பெருந்தோட்டப் பொருளாதாரமும் ஒரு பறவையும்

வீட்டுத் தோட்டங்களிலும் வயல்வெளிகளிலும் நாம் நாள்தோறும் காணும் மைனா, மொறீசியசிலும் அவுஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் அந்நியப் பறவையாகும். பெருங்கேடு விளைக்கும் நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களுள் ஒன்றாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் அதனைப் பட்டியலிட்டது. மரப்பொந்துகளில் வாழும் உள்நாட்டுப் பறவைகளை அது வெளியேற்றுவது மறுக்கமுடியாத உண்மை. எனினும், அந்நாடுகளுக்கு அது தானாகப் பறந்து செல்லவில்லை, கொண்டுசெல்லப்பட்டது. கொண்டுசென்றோர் யாவர், எத்தேவைக்காகக் கொண்டுசென்றனர் என்பனவே ஈண்டு நாம் எழுப்பும் வினாக்கள்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மொறீசியசுக்கு 1762இல் இந்தியாவிலிருந்து மைனா கொண்டுவரப்பட்டது. பயிர்களை அழித்த செவ்வெட்டுக்கிளிகளை ஒழிப்பதே நோக்கமாகும். அந்நிலங்களில் உழைத்தோர் ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகள். பிரித்தானியர் ஆட்சியில், 1834 தொடக்கம், தமிழர் உட்பட ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்திய ஒப்பந்தக் கூலிகள் அத்தீவில் வந்திறங்கினர்.

அவுஸ்திரேலியாவில், காய்கறித் தோட்டங்களின் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்காக 1862இல் மெல்பேர்ணில் மைனாக்கள் விடப்பட்டன. 1883இல் அவை குவீன்ஸ்லாந்தின் கரும்பு நிலங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. அக்கரும்பு நிலங்களுக்கு 1863 முதலே பசிபிக் தீவுகளிலிருந்து கூலியாட்கள் ஏற்றி வரப்பட்டுக்கொண்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விரு போக்குகளும் ஒரே மனிதரிடம் இணைந்தமையை ஹவாயின் வரலாறு காட்டுகின்றது. வில்லியம் ஹில்லபிராண்ட் என்னும் ஜேர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமானவர், கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைத் திரட்டும் பொருட்டு, 1865இல் ஹவாய் அரசினால் ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார். சீனத் தொழிலாளரைப் பெற ஏற்பாடு செய்த அவரே, மேய்ச்சல் நிலங்களை அழித்த புழுக்களை ஒழிக்கவென இந்தியாவிலிருந்து மைனாவையும் வரவழைத்தார்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. காட்டினை அழித்து, ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் வளர்க்குமிடத்து அதனை உண்ணும் பூச்சிகளும் பெருகுகின்றன. குறைந்த செலவிற் பெறத்தக்க உழைப்பும் வேண்டப்படுகின்றது. இவ்விரண்டுக்குமான தீர்வினைக் குடியேற்றவாதிகள் ஆசியக் கரைகளிலே தேடினர். மனிதரையும் பறவையையும் அவர்கள் பயன் கருதியே மதிப்பிட்டனர்.

இன்று அவுஸ்திரேலிய மக்கள் வழக்கில் இப்பறவைக்கு ‘இந்திய மைனா’ என்பதே பெயர். அதனைக் கட்டுப்படுத்துவதன் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயின், பறவையின் பிறப்பிடத்தை உரைக்கும் அப்பெயர், அதனைக் கப்பலேற்றிய பொருளாதார நலன்களை மறைத்துவிடுகின்றது. ‘வந்தேறி’ என்னும் பழி கொண்டுவரப்பட்டோர்மீது சுமத்தப்படும்பொழுது, கொண்டுவந்தோரின் பொறுப்பு வரலாற்றிலிருந்து நீங்கிவிடுகின்றது. அப்பொறுப்பினை மீளவும் பதிவுசெய்வது சூழலியல் வரலாற்றாசிரியரின் கடமை என்பதே நமது துணிபு.