பெயருக்கு முன்னே, பெயருக்குப் பின்னே

லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போனவர் கையில் ஒரு ஸ்கோர் அட்டை இருக்கும். இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியலும் அதில் அச்சாகியிருக்கும். சிலருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். மிடில்செக்ஸ் அணிக்குப் புதிதாக வந்த பிரெட் டிட்மஸ் என்ற இளம் பந்துவீச்சாளரின் பெயர் ஒருமுறை தவறுதலாக ‘எஃப்.ஜே. டிட்மஸ்’ என்று அச்சாகிவிட்டது. உடனே ஒலிபெருக்கியில் திருத்தம் வந்தது: அட்டையில் உள்ளதை ‘டிட்மஸ் எஃப்.ஜே.’ என்று வாசிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இங்கிலாந்து கிரிக்கெட் உலகம் இந்தக் கதையை இன்றும் மறக்கவில்லை.

டிட்மஸ் சம்பளத்துக்கு ஆடியவர். சம்பளக்காரருக்கு இனிஷியல் பின்னால்தான். காசு வாங்காமல் ஆடும் ‘அமெச்சூர்’ கனவானுக்கு மட்டுமே முன்னால். நமக்கு இனிஷியல் அப்பாவின் பெயரைச் சொல்லும். அங்கே அது அப்பாவின் அந்தஸ்தைச் சொன்னது. இரு தரப்புக்கும் உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் இறங்கும் வாசல் வேறு, வெளியூர்ப் பயணத்தில் தங்கும் விடுதியும் பல நேரம் வேறு. ஒரே அணிக்கு ஆடிய பதினொரு பேர் இப்படித்தான் நடந்தார்கள். 1806 முதல் 1962 வரை ‘ஜென்டில்மென்’, ‘பிளேயர்ஸ்’ என்ற பெயர்களில் இந்த இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி ஆட்டங்களும் நடந்தன.

இந்தப் பிரிவினையின் உச்சியில் இருந்தது கேப்டன் பதவி. அது கனவான்களுக்கு உரியது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கனவான்களிலும் பரம்பரைப் பட்டம் உள்ளவர் என்றால் கேள்வியே இல்லை.

அப்படியொரு பட்டம் நம் பக்கத்து மண்ணில் பிறந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானை வீழ்த்திய படைக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். அந்த வெற்றிக்காக 1815-இல் அவருக்கு ‘ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர்’ என்ற ஊர்ப் பெயர்களோடு பிரபுப் பட்டம் கிடைத்தது. பேரன் மூன்றாம் ஹாரிஸ் பிரபு 1854 முதல் 1859 வரை சென்னை மாகாண ஆளுநர். அவருடைய மகன் நான்காம் பிரபு, 1880-இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நடந்த டெஸ்டில் இங்கிலாந்தின் கேப்டன். இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அதுதான். பிறகு பம்பாய் ஆளுநர், லார்ட்ஸை ஆளும் எம்.சி.சி.யின் தலைவர், பொருளாளர் என்று 1932-இல் இறக்கும்வரை கிரிக்கெட்டின் சட்டதிட்டங்கள் அவர் கையில் இருந்தன. அவர் ஆடத் தெரிந்தவர்தான். ஆனால் அதே அளவு ஆடத் தெரிந்த ஒரு சுரங்கத் தொழிலாளி மகனுக்கு அந்தக் கதவுகளில் ஒன்றுகூடத் திறந்திருக்காது.

யார்க்‌ஷயரில் ஹாக் பிரபு. 1883 முதல் 1910 வரை அவரே கேப்டன். எட்டு முறை கவுண்டி சாம்பியன் பட்டம். ஆட்டம் இல்லாத குளிர்காலத்திலும் தொழில்முறை வீரர்களுக்குச் சம்பளம் கிடைக்க வழிசெய்தவர் என்ற நல்ல பெயரும் அவருக்கு உண்டு. அதே மனிதர்தான் 1925-இல், தொழில்முறை வீரர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கேப்டனாகும் நாள் வரவே கூடாது என்று கடவுளை வேண்டுவதாக மேடையில் பேசினார். பண்ணையாளை நன்றாகக் கவனித்துக்கொள்ளும் ஆண்டையின் மனம் அது. வயிற்றைக் கவனிக்கும், பக்கத்தில் உட்கார இடம் தராது.

காசு வாங்காததுதான் கனவான்தனம் என்ற வாதத்தையாவது நம்பலாமா? அதற்கும் வழியில்லை. கணக்கில் அமெச்சூரான டபிள்யூ.ஜி. கிரேஸ் 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு 1,500 பவுண்டு வாங்கினார். 1895-இல் அவருக்காகத் திரட்டிய நிதி 9,000 பவுண்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஓவல் டெஸ்டுக்கு முன், லோமன், கன் உள்ளிட்ட ஐந்து தொழில்முறை வீரர்கள் ஆட்டத்துக்கு 10 பவுண்டுக்குப் பதில் 20 பவுண்டு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை. மூன்று பேர் பணிந்து ஆடினார்கள். லோமனும் கன்னும் ஆடவில்லை.

இந்த ஏற்பாட்டின் கொடுமையை முழுதாகத் தாங்கியவர் ஹரால்டு லார்வுட். நாட்டிங்ஹாம்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர். 1932-33 ஆஸ்திரேலியத் தொடரில், கேப்டன் டக்ளஸ் ஜார்டின் சொன்னபடி, பேட்டரின் உடலைக் குறிவைத்து எழும்பும் பந்துகளை வீசி 33 விக்கெட் எடுத்தார். திட்டம் போட்டவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த அமெச்சூர், நிறைவேற்றியவர் கூலிக்காரர். ஆஸ்திரேலியா கொதித்தெழுந்த பிறகு, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி லார்வுட்டிடம்தான் வந்தார்கள். கேப்டன் சொன்னதைச் செய்தேன், மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பின் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஜார்டினோ அடுத்த குளிர்காலத்திலேயே இந்தியாவுக்கு அணியைக் கூட்டிவந்தார். பிளாக்பூல் ஊரில் மிட்டாய்க் கடை வைத்துப் பிழைத்த லார்வுட், 1950-இல் தன்னை ஒரு காலத்தில் திட்டித் தீர்த்த ஆஸ்திரேலியாவுக்கே குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது 1993-இல். அப்போது அவருக்கு வயது 88.

இந்தியாவுக்கும் இதே அளவுகோல்தான் வந்து சேர்ந்தது. 1932-இல் முதல் டெஸ்டுக்குப் போன அணிக்குக் கேப்டன் போர்பந்தர் மகாராஜா. தன் ஆட்டத்தின் எல்லை தெரிந்த அவர், லார்ட்ஸ் டெஸ்டில் ஒதுங்கிக்கொண்டு சி.கே. நாயுடுவிடம் அணியை ஒப்படைத்தார். அது பெரிய மனசு. 1936-இல் கேப்டனான விஜயநகரம் மகாராஜகுமார் ‘விஸ்ஸி’க்கு அந்த மனசு வரவில்லை. அணியின் முக்கிய வீரர் லாலா அமர்நாத், டெஸ்டுகள் தொடங்கும் முன்பே ஒழுங்கீனம் என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். விஸ்ஸி மூன்று டெஸ்டிலும் சேர்த்து எடுத்தது 33 ரன். அந்தப் பயணத்தின் நடுவிலேயே அவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது.

அந்தப் பட்டத்தின் அநீதியை அறிய இன்னொரு பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1930-31-இல் விஸ்ஸி தன் சொந்த அணி ஒன்றைத் திரட்டி இந்தியா, இலங்கை எங்கும் ஆடவைத்தபோது, இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவர்களில் ஒருவர் ஜாக் ஹாப்ஸ். கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி மைதானப் பராமரிப்பாளரின் மகன். முதல்தரக் கிரிக்கெட்டில் 61,000 ரன்களுக்கு மேல் குவித்தவர். ஹாப்ஸுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது 1953-இல், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து. அதைப் பெற்ற முதல் தொழில்முறை கிரிக்கெட் வீரர் அவர்.

கேப்டன் பதவிக்கு ஆசைப்பட்ட தொழில்முறை வீரர் முதலில் சாதி மாற வேண்டியிருந்தது. உலகின் தலைசிறந்த பேட்டர்களில் ஒருவரான வாலி ஹாமண்ட், ஒரு கம்பெனியில் பதவி கிடைத்ததும் அமெச்சூர் என்று அறிவித்துக்கொண்டார்; 1938-இல் இங்கிலாந்துக்குக் கேப்டனானார். அதே மட்டை, அதே கைகள். இனிஷியல் மட்டும் பெயரின் பின்னாலிருந்து முன்னால் வந்தது.

அப்படி மாறாமலே அந்த இடத்துக்கு வந்தவர் யார்க்‌ஷயரின் லென் ஹட்டன். 1952-இல் தொழில்முறை வீரராகவே இங்கிலாந்தை வழிநடத்தி, அடுத்த ஆண்டு, பத்தொன்பது ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவிடம் இருந்த ஆஷஸ் கோப்பையை மீட்டார். அவருடைய சொந்த யார்க்‌ஷயர் அணி மட்டும் கடைசிவரை அவரைக் கேப்டனாக நியமிக்கவில்லை. 1962 நவம்பரில் அமெச்சூர் என்ற பிரிவையே ஒழிக்க முடிவானது. அதற்கு இரண்டு மாதம் முன் ஸ்கார்பரோவில் நடந்த கடைசி ‘ஜென்டில்மென் - பிளேயர்ஸ்’ ஆட்டத்தில் வென்றவர்கள் பிளேயர்ஸ். கேப்டன் பிரெட் ட்ரூமன், யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன்.

நான்காம் ஹாரிஸ் பிரபு பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, டிரினிடாடில். 1851-இல் அவருடைய தந்தை அங்கே ஆளுநர். அதே தீவில் ஐம்பது ஆண்டு கழித்து, அடிமைகளின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார் லியரி கான்ஸ்டன்டைன். பந்துவீச்சு, பேட்டிங், ஃபீல்டிங் மூன்றிலும் கூட்டத்தை எழுந்து நிற்கவைத்தவர். 1929-இல் லங்காஷயரின் பருத்தி ஆலை நகரமான நெல்சனில் சம்பளத்துக்குச் சேர்ந்து 1937 வரை ஆடினார். 1943-இல் லண்டன் விடுதி ஒன்று, அவருடைய தோலின் நிறத்தைக் காரணம் காட்டி, குடும்பத்தோடு தங்க விடாமல் திருப்பியது. வழக்குப் போட்டு வென்றார். பிறகு வழக்கறிஞரானார், தன் நாட்டில் அமைச்சரானார், லண்டனில் அதன் தூதரானார்.

பிரிட்டனில் 1958-இல் வந்த சட்டம், பிள்ளைகளுக்குப் போகாத, வாழ்நாளுக்கு மட்டுமான பிரபுப் பட்டத்தை வழங்க வழிசெய்திருந்தது. 1969-இல் அப்படியொரு பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் கான்ஸ்டன்டைன். ஹாரிஸ் பட்டம் இன்றும் அந்த வம்சத்தில் இருக்கிறது. கான்ஸ்டன்டைனின் பட்டம் 1971-இல் அவரோடு முடிந்தது. அதிலும் இரண்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன. ஒன்று டிரினிடாடின் மராவல். மற்றொன்று, சனிக்கிழமை தோறும் அவர் சம்பளத்துக்குப் பந்து வீசிய நெல்சன்.