ஒரு பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்



பால் தயிராவதற்கு லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எல்லாம் ஒரே கிருமின்னா எங்க வீட்டுத் தயிரும் ஆச்சி வீட்டுத் தயிரும் ஏன் வேற வேற ருசியா இருக்கு?" என்று கேட்டாள். "பாடத்துல இருக்கறதைப் படி" என்று உட்கார வைத்துவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு சீஸின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா பகுதிகளில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸ் செய்கிறார்கள். செப்புக் கொப்பரையில் பாலைத் திரித்து, சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கட்டியை எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் தெளிநீரில் கொஞ்சம் எடுத்து வைத்தால், இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருந்து புளிக்கும். மறுநாள் பாலுக்கு அதுதான் உறை. சூட்டைத் தாங்கும் பாக்டீரியாக்களே அதில் பெருகும். அவற்றில் முக்கியமானது லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ். ஆனால் அந்த ஓர் இனத்துக்குள்ளேயே பல வகைகள் உண்டு. கூடவே வேறு இனங்களும் இருக்கும்.

இப்படி ஒரு கலவையை நம்புவதைவிட, தேர்ந்தெடுத்த பாக்டீரியாவைத் தனியாக வளர்த்துச் சேர்க்கலாமே என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 1890இல் டென்மார்க்கில் வில்ஹெல்ம் ஸ்டோர்க் வெண்ணெய்த் தயாரிப்புக்கு இந்த வழியைக் காட்டினார். பிறகு நியூசிலாந்தில் செடார் சீஸுக்கு ஒரே வகை பாக்டீரியாவை உறையாகப் பயன்படுத்தினார்கள். சீஸ் ஒரே சீராக வந்தது. ஆனால் சில நாட்களில் பால் புளிக்கவே மறுத்தது. 1935இல் ஒயிட்ஹெட், காக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸான பாக்டீரியோபேஜ்தான் அது. எல்லாம் ஒரே வகை என்பதால் ஒரே நோயில் எல்லாம் மடிந்தன. அதன் பிறகு வெவ்வேறு வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை வந்தது.

இத்தாலியத் தெளிநீரிலும் அந்த வைரஸ்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு வகை விழுந்தால் அந்த வைரஸுக்கு மசியாத இன்னொரு வகை வேலையைத் தொடரும்.

நம் வீட்டு உறைமோரும் ஒரு கூட்டம்தான். அந்தக் கூட்டம் வீட்டுக்கு வீடு மாறும், ருசியும் மாறும்.

அன்று கேள்வி கேட்ட பெண்ணே, பெயர் சொல்லவில்லை, படித்தால் உனக்கே தெரியும். உன் கேள்வி சரியானது. டீச்சர்தான் பதில் தெரியாமல் உன்னை உட்கார வைத்தேன். உன் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் நீ உட்கார வைத்துவிடாதே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்