நகல் கன்ட்ரோலர் அமைப்பு

பல சர்வர்களை ஆளும் கட்டுப்பாட்டு சர்வரை ஒற்றை இயந்திரமாக விடாமல், ஒரே பதிவேட்டை வைத்திருக்கும் பல பிரதிகளாக இயக்குவது நகல் கன்ட்ரோலர் அமைப்பு. எந்தச் சேவை எங்கே ஓடுகிறது, எது பழுது, எதை வேறு இடத்தில் தொடங்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கன்ட்ரோலரிடம்தான் இருக்கும். அது விழுந்தால் ஓடும் சேவைகள் உடனே நின்றுவிடாது. ஆனால் அடுத்துப் பழுதாவதைத் தூக்கி நிறுத்த ஆளிருக்காது.

காவிரிப் படுகையில் இதன் அருமை தெரிவது ஐப்பசி, கார்த்திகையில். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். நீட்டித்த ஆண்டுகளும் உண்டு. விஏஓ தந்த அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல்களோடு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் இ-சேவை மையத்தில் நிற்கும் அதே வாரங்களில்தான் புயலும் வரும். அறுவடை முடிந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் இணையப் பதிவு வேண்டும். ‘சர்வர் டவுன்’ என்று மையத்தில் சொல்லிவிட்டால் அன்றைய கூலியும் பஸ் காசும் போச்சு.

பிரதிகள் எத்தனை வேண்டும் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டு போதும் என்று தோன்றும், கணக்கு வேறு. எந்த மாற்றத்தையும் பிரதிகளில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால்தான் பதிவு செய்யலாம் என்பது விதி. இரண்டில் பெரும்பான்மை இரண்டே; ஆக எது விழுந்தாலும் வேலை நிற்கும். மூன்றில் ஒன்று போகலாம், ஐந்தில் இரண்டு போகலாம். நான்கு வைத்தாலும் ஒன்றுதான் போகலாம், செலவு மட்டும் கூடுதல். ‘மற்றது பேசவில்லையென்றால் நானே முடிவெடுப்பேன்’ என்று இரண்டுக்கும் உரிமை கொடுத்தால் இன்னும் மோசம். இயந்திரங்கள் நன்றாக இருந்து நடுவே கேபிள் மட்டும் அறுந்தால், இரண்டும் தலைமை ஏற்று எழுதத் தொடங்கும். நில ஆவணத்தில் இப்படி நடந்தால் ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா மாறுதல்.

இந்தப் பெரும்பான்மை முறைக்கு 1988-இல் பிரையன் ஓக்கியும் பார்பரா லிஸ்காவும், 1998-இல் வெளியான கட்டுரையில் லெஸ்லி லாம்போர்ட்டும் அடித்தளம் இட்டனர். ஸ்டான்ஃபோர்டில் டியகோ ஒங்காரோவும் ஜான் அவுஸ்டர்ஹௌட்டும் 2014-இல் வெளியிட்ட ‘ராஃப்ட்’ அதைப் புரியும்படி எளிதாக்கியது. பல சர்வர்களில் சேவைகளை ஆளும் குபெர்னெட்டிஸ் மென்பொருள் பயன்படுத்தும் எட்சிடி தரவுத்தளம் ராஃப்ட்டில்தான் ஓடுகிறது. அதில் தலைமை ஏற்ற பிரதியான தலைவர் 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். 1,000 மில்லிவினாடி அளவுக்கு மௌனம் நீடித்தால் புதிய தலைவருக்குத் தேர்தல். இவை மாற்றிக்கொள்ளத்தக்க இயல்பான அளவுகள்.

நிறுவும்போது முதல் கன்ட்ரோலரைத் தனியாக எழுப்பி, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். புதிது பழைய பதிவுகளைப் படித்து முடிக்கும்வரை அதற்கு வாக்கு கொடுக்காதிருப்பது நல்லது. வேகமான எஸ்எஸ்டி வட்டு அவசியம். வட்டு மந்தமானால் தலைவரின் துடிப்பு தாமதமாகி, காரணமில்லாமல் தேர்தல் வரும். பயனர்கள் தனித்தனி முகவரிகளை அறியாதபடி முன்னால் ஒரு பொது முகவரி வேண்டும். அதைத் தாங்கி, கோரிக்கைகளைப் பிரதிகளுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் ஒன்றே ஒன்றாக இருந்துவிடுவது அடிக்கடி காணும் வேடிக்கை.

ஒரே ரேக்கில் மூன்று வைத்தால் மின்சாரத்தைப் பொறுத்தவரை அது ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மின்கம்பங்களையும் செல்போன் கோபுரங்களையும் மாவட்டம் மாவட்டமாகச் சாய்த்தது. மன்னார்குடியில் ஒன்று, பட்டுக்கோட்டையில் ஒன்று என வைத்திருந்தாலும் தப்பியிருக்காது. மாநிலத் தரவு மையம் சென்னையிலும், அதன் பேரிடர் மீட்பு மையம் திருச்சியிலும் இருப்பது, ஒரே புயலில் இரண்டும் சேர்ந்து விழாதபடி தூரம் தரும். சுமார் 320 கிலோமீட்டரை ஒளியிழையில் போய்வர ஏறக்குறைய 3 மில்லிவினாடி; கேபிள் சுற்றுவழியில் போவதால் நடைமுறையில் கூடும். ஆனாலும் தேர்தல் கெடுவுக்குள் தாராளமாக அடங்கும்.

ஆனால் எந்த ஊரானாலும், இரண்டே இடம் என்றால் மேற்சொன்ன இரண்டின் கணக்கு திரும்பிவிடும். இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கம் உயிரோடிருக்கிறது என்று இயந்திரத்தால் தீர்மானிக்க முடியாது. கோயம்புத்தூர் போன்ற மூன்றாவது ஊரில் வாக்கு மட்டும் போடும் சிறு சாட்சி சர்வர் வேண்டும்; இல்லையேல் தலைமையை மாற்றுவதா என்று பொறுப்பிலுள்ள அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஆண்டுக்கு 99.99 சதவீதம் என்றால் மொத்தத் தடங்கலே சுமார் 53 நிமிடம்தான்.

பெரும்பான்மை சரியாக இருந்தும் காலை வாரும் என்பதற்கு, கஜாவுக்கு முந்தைய மாதம் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் நடந்தது சாட்சி. 2018 அக்டோபர் 21-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு வெறும் 43 வினாடி அறுந்தது. பெரும்பான்மை பெற்ற கன்ட்ரோலர்கள் தரவுத்தளத் தலைமையை மேற்குக்கு மாற்றின. கிழக்கில் எழுதிய கடைசிப் பதிவுகள் அங்கு போய்ச் சேரவில்லை. சேவை பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

நகல் என்பது பேக்கப்பும் அல்ல. தவறுதலாக அழித்த பதிவு, அடுத்த நொடியே எல்லாப் பிரதியிலும் அழிந்திருக்கும். கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சான்றிதழ்களும் இப்படித்தான்: குபெர்னெட்டிஸின் நிறுவல் கருவி தரும் கன்ட்ரோலர் சான்றிதழ்களுக்கு இயல்பாக ஓராண்டு ஆயுள். ஒரே நாளில் நிறுவிய மூன்றுக்கும் ஒரே நாளில் கெடு முடியும். புதுப்பிக்க மறந்தால் புயலே வேண்டாம், மூன்றும் சேர்ந்து நிற்கும்.